பயமில்லாத சத்தம்

1022-லிருந்து 13-ஐக் கழிக்க வேண்டும். 1009. மறுபடியும் 13. 996. மறுபடியும். 983. எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையசைக்க மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள், ‘பரவாயில்லை, சொல்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். 970 என்பதை 971 என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், ‘தவறு, 1022-லிருந்து மறுபடி தொடங்குங்கள்’ என்று மட்டும் ஒரு குரல் வரும். இதற்கு முன்பே அதே மூவர் முன்னால் நின்று, இந்த வேலைக்கு நான்தான் தகுதியான ஆள் என்று ஐந்து நிமிடம் பேசியாக வேண்டும்.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனை இது. ஊசி கிடையாது, மின்சாரம் கிடையாது, யாரும் கையை ஓங்குவதில்லை. ஐந்து நிமிடப் பேச்சு, ஐந்து நிமிடக் கணக்கு, அவ்வளவுதான். உமிழ்நீரை எடுத்துப் பார்த்தால் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியிருக்கும். மனிதனைக் கலங்கடிக்கப் புலி வேண்டியதில்லை. தன்னை அளந்துகொண்டிருக்கும் மூன்று முகங்கள் போதும். நேர்முகத் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்து, கை நடுங்க டீ கிளாஸைப் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சோதனை முடிந்துவிடுகிறது. உடம்பு அதை அப்போதே முடித்துக்கொள்வதில்லை. கார்ட்டிசால் உச்சத்தைத் தொடுவதே நடுவர்கள் எழுந்து போய்ச் சில நிமிடங்கள் கழித்துத்தான். இதயம் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் வியர்வை காயவில்லை. படபடப்பு வருவது உடம்பின் குற்றமில்லை. தப்பி ஓடவும் எதிர்த்து நிற்கவும் அதுதான் நம் முன்னோர்களைத் தயார்ப்படுத்தியது. வந்தது இறங்க மறுத்து, நாள் கணக்கில், மாதக் கணக்கில் அப்படியே நிற்கும்போதுதான் தூக்கம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, பேச்சில் எரிச்சல் குடியேறுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஏறியதை இறக்குவது எது என்பதே.

ஸ்வீடனில் மட்டில்டா அன்னர்ஸ்டெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013-இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இந்தக் கேள்விக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு பதிலைத் தந்தது. மொத்தம் 30 பேர். ட்ரியர் சோதனையையே மெய்நிகர் உலகத்தில் வைத்தார்கள். நடுவர்கள் கணினி வரைந்த உருவங்கள். பொம்மை நடுவர்கள்தான் என்று தெரிந்திருந்தும் உடம்பு பதறியது. பிறகு பத்துப் பத்துப் பேராக மூன்று குழு. ஒரு குழுவை மெய்நிகர்க் காட்டுக்குள் உட்கார வைத்தார்கள், காட்டின் சத்தங்களோடு. இன்னொரு குழுவுக்கு அதே காடு, அதே மரங்கள், அதே வெளிச்சம், ஆனால் சத்தம் இல்லை. மூன்றாவது குழுவுக்குக் காடும் இல்லை, சத்தமும் இல்லை.

ஓய்வுக்கான நரம்பு மண்டலம் என்று நாம் சொல்லும் பாராசிம்பதெட்டிக் நரம்புகள் இதயத்தின் வேகத்தைத் தணித்து உடம்பைச் சீருக்குக் கொண்டுவருபவை. அவை எழுந்து வேலை செய்யத் தொடங்கிய அடையாளம், சத்தத்தோடு காட்டில் இருந்தவர்களிடம் தெரிந்தது. சத்தமில்லாத காட்டில் இருந்தவர்களிடம் அது தெரியவில்லை. எதுவுமே தரப்படாதவர்களிடமும் தெரியவில்லை.

30 பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது. ஆனாலும் இந்த முடிவு என்னை விடவில்லை. அழகான ஒரு காட்டைக் கண் முழுக்கக் காட்டியும் உடம்பு ஏன் இளகவில்லை? சத்தமில்லாத காடு அந்தப் பத்துப் பேருக்கும் என்ன சொல்லியிருக்கும்?

மழை பெய்து ஓய்ந்த இரவில் ஒரு குளக்கரைக்கு நடந்து போய்ப் பாருங்கள். தூரத்தில் இருக்கும்போது தவளைகள் ஊரையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கத்தும். நீங்கள் கரையேறியதும் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது நிற்கும். அடுத்தது நிற்கும். ஓர் ஆள் சுற்றளவுக்கு மௌனம் விரியும். அசையாமல் நின்றால் மெல்ல ஒன்று தொடங்கும், அதைக் கேட்டு இன்னொன்று, பிறகு எல்லாம். வீட்டுக் கொல்லையிலும் இதுதான் நடக்கிறது. வல்லூறு ஒன்று வந்து முருங்கைக் கிளையில் அமர்ந்தால் தவிட்டுக்குருவிக் கூட்டம் முதலில் கூச்சலிடும், அப்புறம் புதருக்குள் புகுந்து வாயை மூடிக்கொள்ளும். அணில் நிறுத்தும். தையல்சிட்டு நிறுத்தும். அந்த நேரத்தில் கொல்லையில் இருப்பது அமைதி இல்லை. எல்லா உயிரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் அது.

வேட்டையாடியும் வேட்டையாடப்பட்டும் பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்து வந்த காது நம்முடையது. இரவில் எல்லோரும் தூங்கும்போதும் அது விழித்திருந்து காவல் காத்தது. இன்றைக்கும் காக்கிறது. வீட்டை ஒட்டி ரயில் தடதடத்துப் போனாலும் எழாத தாய், கைக்குழந்தை ஒரு முனகல் முனகினால் எழுந்து உட்காருகிறாள். அந்தக் காவலுக்குக் காடு காலங்காலமாகக் கொடுத்துவந்த சேதி ஒன்றுதான்: பூச்சி ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது, குருவி கத்திக்கொண்டே இருக்கிறது, ஆகவே பக்கத்தில் ஆபத்து இல்லை. மரங்களெல்லாம் இருந்தும் ஒரு பூச்சிகூடக் கேட்காத காட்டில் உட்கார வைத்தால், காவலைக் கைவிட எந்தக் காதுக்கு மனசு வரும்?

பிற ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் 2010-இல் 40 பேருக்கு மனக்கணக்குக் கொடுத்துப் பதற வைத்து, பிறகு நீர்ச் சத்தமும் பறவை ஒலியும் கலந்த பதிவையோ போக்குவரத்து இரைச்சலையோ கேட்க வைத்தார்கள். தோலின் வியர்வை அளவு இயற்கை ஒலியின்போது விரைவாக இறங்கும் போக்கு தெரிந்தது, ஆனால் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கக் கணக்கில் வேறுபாடு தென்படவில்லை. பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2022-இல் 295 பேரிடம் ஆறு நிமிட ஒலிப்பதிவுகளை வைத்துச் சோதித்தார்கள். பறவைப் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பதற்றமும், யாரோ தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற சந்தேக எண்ணமும் குறைந்தன. இரண்டாவதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. மனிதர் மேல் வரும் சந்தேகத்தைக் குருவி தணிக்கிறது.

ஒரு கேள்வி எழும். யூடியூபில் ‘மழைக்காட்டு ஓசை, எட்டு மணி நேரம்’ என்று தேடினால் கொட்டிக் கிடக்கிறதே, வி.ஆர். எனும் மெய்நிகர் ஹெட்செட் எதற்கு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். இடப்பக்கம் குயில் கூவினால் அந்த ஒலி இடக்காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இம்மியையும், காது மடலின் மடிப்புகளில் ஒலி மோதி மாறும் விதத்தையும் வைத்துத்தான் மூளை ‘அங்கே, அந்த மாமரத்தில், கொஞ்சம் மேலே’ என்று முடிவு செய்கிறது. சாதாரண ஹெட்போனில் நீங்கள் தலையைத் திருப்பினால் குயிலும் கூடவே திரும்பிவிடும். எந்தக் குயிலும் அப்படிச் செய்யாது என்று உடம்புக்குத் தெரியும். வி.ஆர். கருவி தலையின் அசைவை நொடிக்கு நொடி அளந்து, குயிலை அதன் மரத்திலேயே நிறுத்தி வைக்கிறது. நீங்கள் திரும்பினால் அது இப்போது பின்னால் கூவும். ஒரு புள்ளியைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியைப் பதிந்து, பிறகு வேண்டிய திசையில் சுழற்றிக் கேட்க வைக்கும் ஆம்பிசோனிக்ஸ் என்ற முறையை, வி.ஆர். ஹெட்செட் கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1970-களில் இங்கிலாந்தின் மைக்கேல் கெர்சானும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிவிட்டார்கள்.

நல்ல பதிவொன்றை அப்படிக் கேட்டபோது என்னைத் தொட்டது பறவை ஒலி இல்லை. பறவைகளுக்கு நடுவே இருந்த தூரம்தான். பக்கத்தில் ஒரு தேன்சிட்டு, அதற்கு அப்பால் ஒரு குக்குறுவான், அதற்கும் அப்பால் எங்கோ பள்ளத்தில் தண்ணீர். இடம் என்று நாம் சொல்வது இதைத்தான். சுவர் இல்லை, எனக்கும் வானத்துக்கும் நடுவே நெருக்கடி இல்லை என்று காது கண்டுகொள்கிறது. தோள் தானாக இறங்கியது.

வி.ஆர். மருத்துவத்தில் இதற்கு முன்பே பேர் வாங்கிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்காக உருவாக்கிய ‘ஸ்னோ வேர்ல்ட்’. காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றும் அந்தக் கொடிய நேரத்தில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்துகொண்டே பனிப்பந்து எறிவார். வலியிலிருந்து கவனத்தைப் பிடுங்கிக்கொள்வது அதன் உத்தி. ஒலிச்சூழல் செய்வது வேறு. அது கவனத்தைப் பிடுங்குவதில்லை, கேட்பதுகூட இல்லை. ரேச்சல் கப்லானும் ஸ்டீஃபன் கப்லானும் 1989-இல் விளக்கமாக எழுதியது போல, நாம் முயன்று குவிக்கும் கவனம் களைத்துப்போகிற ஒன்று. இலை அசைவும் நீரோட்டமும் நம்மை முயற்சி இல்லாமலே ஈர்த்துக்கொள்ள, களைத்த கவனம் அந்த நேரத்தில் இளைப்பாறுகிறது. கட்டு மாற்றும் பத்து நிமிடத்துக்கு ஸ்னோ வேர்ல்ட் வேண்டும். அதற்குப் பிறகு வரும் நீண்ட இரவுக்கு வேண்டியது வேறு.

அந்த இரவு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் துணைக்கு இருந்தேன். ஏ.சி. வார்டு, சன்னல் திறக்காது. ட்ரிப்ஸ் முடிந்தால் பம்பு கத்தும். அதை நர்ஸ் நிறுத்தினால் அடுத்த கட்டில் பம்பு கத்தும். ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் தரையைக் கீறிக்கொண்டே போகும். எவர்சில்வர் டம்ளர் விழும். லிஃப்டின் கதவைச் சரியாக மூடாமல் யாரோ போய்விட, கதவை மூடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மா கண்ணை மூடுவார், திறப்பார். “யாரோ என்னையே கூப்பிடற மாதிரி இருக்குடா” என்றார். அத்தனை சத்தத்தில் ஒன்றுகூட ‘ஆபத்தில்லை, தூங்கு’ என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அவருடைய காவலைத் தட்டி எழுப்பியது. பின்னிரவில் அவர் கேட்டதை மறக்க மாட்டேன்: “விடிஞ்சிடுச்சா? காக்கா சத்தமே காணோமே.”

காக்கைக் கரைச்சல் இல்லாமல் விடிகாலையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பகலும் இரவும் ஒரே குழல்விளக்கில் கரைந்துபோகும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எத்தனையோ பேர் இடமும் நேரமும் தப்பிக் குழம்பிப் போகிறார்கள். இடத்தையும் பொழுதையும் ஒலியோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. நம்முடைய பழைய இலக்கணமான தொல்காப்பியம் நிலத்தைச் சொன்னபோது மரத்தையும் விலங்கையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அந்த நிலத்தின் பறவை எது, பறை எது, யாழ் எது என்று கேட்டது. மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு நள்ளிரவு என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைச் சேர்த்தது. கேட்காத நிலம் தொல்காப்பியருக்கு நிலமாகவே படவில்லை போலிருக்கிறது. மெய்நிகர் ஒலிச்சூழல் அமைப்பவர்கள் இன்று சோதனைக்கூடத்தில் வந்து சேரும் இடமும் இதுதான்: இடம், பொழுது, அங்கே வாழும் உயிர், மூன்றும் பொருந்தினால்தான் உடம்பு நம்பும்.

எனவே மருத்துவமனைகளுக்கு இந்தக் கருவி வரட்டும் என்பதே என் கட்சி. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, டயாலிசிஸ் நாற்காலியில் மணிக்கணக்கில் கட்டுண்டிருப்பவருக்கு, காட்டுக்கோ கடலுக்கோ இனிப் போகவே முடியாதவருக்கு, அரை மணி நேரம் ஒரு சுவரை அகற்றித் தருவது சின்ன உதவி இல்லை. ஹெட்செட் சிலருக்குக் குமட்டலைத் தரும், கழுத்துக்குக் கனக்கும், ஏற்கெனவே குழம்பியிருப்பவரை இன்னும் குழப்பும். இவற்றுக்கெல்லாம் வைத்தியர்கள் வழி கண்டுகொள்வார்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் செவிலியர் பணி பற்றி எழுதிய நூலில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதற்குப் பிறகு நாம் நோயாளியை இன்னும் கூடுதல் இரைச்சலில்தான் கிடத்தியிருக்கிறோம். உலகெங்கும் மருத்துவமனைகளில் எடுத்த அளவுகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005-இல் தொகுத்துப் பார்த்தபோது, பகல் நேரச் சத்தம் 1960-இல் 57 டெசிபெல்லாக இருந்தது 72-ஆக ஏறியிருந்தது. 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். நம் நாட்டில் ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்; அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40. எந்த ஊரிலாவது ஒரு பெரிய மருத்துவமனை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஆம்புலன்சுக்கு வழிவிடக்கூட ஹாரன்தான் அடிக்கிறோம். ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் விடாமல், சன்னலைத் திறக்க விடாமல், வாசலில் ஹாரனை நிறுத்தாமல், நோயாளியின் தலையில் ஒரு காட்டை மாட்டிவிடுவது வைத்தியம் ஆகாது. முதலில் இரைச்சலைக் குறைக்க வேண்டும். பிறகுதான் பறவை.

எந்தப் பறவை, எந்தத் தண்ணீர் என்பதையும் நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். தளர்வுக்கான ஒலிப்பதிவுகளில் அலையோசை தவறாமல் இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் அதே ஓசையைக் கேட்டுத் தூக்கம் கெட்ட குடும்பங்கள் உண்டு. கனடிய மழைக்காட்டுப் பறவையின் குரல் நமக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் ஒரு தஞ்சாவூர் விவசாயிக்கு அது ஊர் இல்லை. வாய்க்காலில் மடை திறந்த தண்ணீரும், கொக்குக் கூட்டம் இறங்கும் சத்தமும், தூரத்துப் பம்புசெட்டும் அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். பம்புசெட்டு இயற்கை ஒலி இல்லைதான். இருந்தாலும் தண்ணீர் பாய்கிறது, பயிர் பிழைத்தது என்ற சேதி அதில் இருக்கிறது.

இனி, இந்த ஒலிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். பெர்னி கிராஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் வாழ்நாள் முழுக்கக் காடுகளின் ஒலியைப் பதிந்தவர். 1988-இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் லிங்கன் மெடோ என்ற புல்வெளியில் பதிந்தார். விடியல் நேரம், பறவைகள் குரலுக்கு மேல் குரல். அங்கே மரம் வெட்ட வந்த நிறுவனம், எல்லாவற்றையும் வெட்டமாட்டோம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எடுப்போம், சூழல் கெடாது என்று ஊராருக்கு உறுதி கொடுத்திருந்தது. வெட்டி முடித்தார்கள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் கிராஸ் போய் நின்றார். கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. புகைப்படம் எடுத்தால் முந்தின ஆண்டுப் படம் போலவே இருந்தது. ஒலிக்கருவியை இயக்கியபோது ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் பதிவாயின. மற்றவை போய்விட்டன. அதற்கடுத்த 25 ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். பழைய செழிப்பு வரவில்லை. அவருடைய சேகரிப்பில் பாதிக்கு மேல், இன்று அப்படி ஒலிக்காத இடங்களின் பதிவுகள்.

அமெரிக்காவின் 68 தேசியப் பூங்காக்களில் 221 இடங்களில் எடுத்த ஒலிப்பதிவுகளை அலசி 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, இயற்கை ஒலி நிறைந்தும் மனித இரைச்சல் குறைந்தும் இருந்தவை 11.3 சதவீத இடங்கள்தான் என்றது. காப்புக் காட்டிலேயே இந்த நிலைமை. இயற்கை ஒலிகளின் பலன்களைத் தொகுத்ததும் அதே ஆய்வுதான்: நீரின் ஒலி மனத்தை மலர்த்துவதிலும், பறவை ஒலி பதற்றத்தையும் எரிச்சலையும் தணிப்பதிலும் முன்னே நின்றன. மருந்து இன்னது என்று உறுதியாகிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், மருந்து விளையும் நிலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

நெடுநாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். குருவி நமக்காகக் கத்துவதில்லை. இது என் இடம் என்று பக்கத்துக் குருவிக்குச் சொல்கிறது. இணையைக் கூப்பிடுகிறது. குஞ்சுக்குப் பதில் கொடுக்கிறது. அதன் வேலையில் நாம் எங்கும் இல்லை, அதில்தான் அதன் சக்தி இருக்கிறது. ட்ரியர் சோதனையின் மூன்று முகங்களும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தன. அலுவலகமும் அப்படித்தான் பார்க்கிறது, கைப்பேசியும் உறவும் நாம் நம்மேல் வைத்திருக்கும் கண்ணும் அப்படித்தான். காடு பார்ப்பதில்லை. நம்மை நடுவில் வைத்துக்கொண்டே ஆயிரம் உயிர்கள் தம் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நம்மிடம் பயமில்லை, நமக்கும் அவற்றிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நாம் நிம்மதி என்று எடுத்துக்கொள்வது இன்னோர் உயிரின் பயமின்மையைத்தான். அது பயந்து வாயை மூடினால் நம் உடம்புக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்துவிடும். வார்த்தையில் வராது. தூக்கம் வராத இரவாக வரும்.

ஆகவே பறவைக்குப் பாதுகாப்பும் மனிதனுக்கு மனநலமும் இரண்டு இலாகாக்களில் வைக்க வேண்டிய விஷயங்கள் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இதை எந்த ஆய்வும் படிக்காமல் கண்டுகொண்டவர்கள். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கும் அது பழகிவிட்டது. தியாகம் என்று அதைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பறவைக்குக் கொடுத்த அமைதியில் அந்த ஊரும்தான் தூங்குகிறது.

மெய்நிகர்க் காட்டை உருவாக்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பதிந்த இடத்தின் பெயரையும் நாளையும் கேட்பவருக்குச் சொல்லுங்கள். அந்த இடம் இன்று எப்படி ஒலிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருவி விற்ற பணத்தில் ஒரு பங்கு அந்த நிலத்தைக் காக்கப் போகட்டும். ஒரு நிலத்தின் குரலை எடுத்துக்கொண்டு அந்த நிலத்தைக் கைவிடுவது நியாயமில்லை.

வாசகரிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ உறவிலோ படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். வி.ஆர். ஹெட்செட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த இடத்துச் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று அவரிடம் கேளுங்கள். கண்மாய் என்பார், தோப்பு என்பார், கோயில் நந்தவனம் என்பார். விடிகாலையில் அங்கே போய், கைப்பேசியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பதிந்துகொண்டு வாருங்கள். பதிய ஒன்றும் இல்லை, லாரிச் சத்தமும் ஒலிபெருக்கியும்தான் இருக்கின்றன என்றால், அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. எழுந்து நின்று, நம் கண்மாய் ஏன் இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று கேளுங்கள்.